பூஜ்ஜியமாவது பேர்

புத்தூர்,
3-11-2025

என் அக்கா பெற்ற மகாராணி ரோஹிணி அவர்களுக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. ‘தங்கள் வரவை விரும்பும்’ என்று இருபத்திரண்டு பேர். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். தாய்மாமன் பேர் இரண்டு பக்கத்திலும் இல்லை. உன் அப்பாவோடு சீட்டாடுகிற ரங்கையா பேர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கை முறிந்து புத்தூர் கட்டுப் போட வந்தவன்கூட என் டீக்கடையில் வலியை மறந்து, “இன்னாண்ணா, உன் பேரக் காணோம்?” என்கிறான்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். நம் வழக்கப்படி உன்னைக் கூடையில் உட்காரவைத்து மணவறைக்குத் தூக்கி வர வேறு மாமனைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பேரில்லாதவன்

திருப்பதி,
6-11-2025

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

பட்டியலில் உங்கள் பேரை என் விரலால் டைப் அடித்தேன், சத்தியம். லேப்டாப் இல்லாமல் ஆறு மாதமாகப் போனிலேயே பைத்தான் புரோகிராமிங் கற்கிறேன். தமிழ்ப் பேரையும் தெலுங்குப் பேரையும் ஜோடி சேர்த்து அச்சகத்துக்கு அனுப்ப நானே ஸ்கிரிப்ட் எழுதினேன். அது உங்களை எங்கே விட்டது என்று புரியவில்லை. அதைத் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

“கோச்சிக்கினு எங்க போவான்? பந்தியில துன்றதுக்கு மொத ஆளா வருவான்” என்கிறாள் அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. வேறு யார் தூக்கினாலும் நான் கூடையில் உட்கார மாட்டேன்.

ரோஹிணி

புத்தூர்,
10-11-2025

ரோஹிணிக்கு,

பழியை மெஷின் மேல் போடுகிறாயா? உன் பொய்யை நிரூபிக்க நானும் போனில் பைத்தான் இறக்கிவிட்டேன். மூன்று நாளாக வியாபாரம் இல்லை, பால் பொங்கி வழிந்து ரயில்வே கேட் வரை ஓடியது. வரியை நாலு இடம் தள்ளி ஆரம்பிக்காவிட்டால் அதற்குக் கோபம் வருகிறது. என் பேரை அடித்தேன். ‘கமலக்கண்ணன் நாட் டிஃபைண்டு’ என்று சிவப்பில் வருகிறது. ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் வரை என்னைத் தெரியாத நாய்கூடக் கிடையாது. இதற்குத் தெரியாதாம். எல்லாம் உன்னிடம் கற்ற புத்தி.

கமலக்கண்ணன் (நாட் டிஃபைண்டு)

திருப்பதி,
13-11-2025

மாமா,

பேருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுங்கள். இல்லாவிட்டால், அந்தப் பேர் யார் என்று நாம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ரோஹிணி

புத்தூர்,
17-11-2025

சிரஞ்சீவி ரோஹிணிக்கு மாமன் எழுதுவது.

குறி போட்டேன், ஓடியது. உன் ஸ்கிரிப்டுக்கு நாலு பேரைக் கொடுத்தேன். முதலில் ரங்கையா. மற்ற மூவரும் வந்தார்கள், ரங்கையா காணோம். பரம திருப்தி. அடுத்து உன் அத்தை கிருஷ்ணம்மாவை முதலில் போட்டேன். அவளும் காணோம். அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன்.

நீ ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லியிருக்கிறாய். அந்தப் பாவியோ பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது. யாரை முதலில் வைத்தாலும் விழுங்கிவிடும்.

அப்படியானால், இருபத்து மூன்று பேரில் நீ முதலில் அடித்த பேர் எது என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் முன்னால். இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, கழுதை? கடை வாசலில் நின்று எத்தனை பேரைத் திட்டித் தீர்த்தேன்.

கோபம் தீரவில்லை. மிச்சமிருக்கும் பத்திரிகைகளில் ஒன்றும் வெளியே போகக் கூடாது. வியாழக்கிழமை பேனாவோடு வருகிறேன், எல்லாவற்றிலும் மேலே நானே எழுதுவேன். கூடை வாங்கியாகிவிட்டது. அதுவரை சோற்றைக் குறை.

பூஜ்ஜியமாவது பேர்,
கமலக்கண்ணன்