அந்தக் குரல் தமிழரசியுடையதா

நவ. 11, செவ்வாய்
மூட்டம். மலை தெரியவில்லை.

உறுதியானது ஒன்றுதான்: இங்கிலீஷில் பேசிப் பணம் பறிக்கும் அந்த மோசடி அழைப்பு தமிழரசி வேலை பார்த்த வெளிநாட்டுக் கட்டடத்திலிருந்து போனது. இதைச் சொன்னவர் எஸ்.ஐ.தான். அழைப்பின் பதிவைப் போனில் கொண்டுவந்தவன் அங்கிருந்து தப்பி வந்த சேலத்துப் பையன். பேசுவது தமிழரசியா, தெரியாது. டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜென்ட் அழைத்துப் போன பெண். சங்கராபுரம் பக்கத்து ஊர். ஆடிக்குப் பிறகு வீட்டுக்குப் போன் இல்லை.

ஸ்டேஷனில் பெற்றோருக்குப் போட்டுக் காட்டினார்கள். நிருபர் என்று நானும் இருந்தேன். அச்சு அசல் அமெரிக்கப் பெண். 'ர' நாக்குக்குள் சுருண்டு போகிறது. இடையிடையே அளவான சிரிப்பு. கடைசியில் பின்னாலிருந்து யாரோ அதட்ட, அவள் தடுமாறி 'இஸ்டார்ட்' என்கிறாள். பதிவு அங்கே நிற்கிறது.

அப்பா கொளஞ்சி உடனே சொன்னார்: "இது எம் பொண்ணு இல்லீங்க. யாரோ வெள்ளக்காரி." அம்மா அஞ்சலை அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவ. 12, புதன்
தூறல். வண்டிக்கு பிளக் மாற்ற வேண்டும். வழியெல்லாம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்.

கொளஞ்சி கரும்பு வெட்டப் போயிருந்தார். அஞ்சலை மட்டும் வீட்டில். டீ வேண்டாம் என்றேன், வைத்துவிட்டார்.

"பயந்தா அவ 'இஸ்டார்ட்'னுதான் சார் பேசுவா. அதுக்கு மின்னாடி பேசினது யாருன்னு எனக்குத் தெரியல."

அது மகள்தான் என்று புருஷனுக்கும் தெரியுமாம். ஒப்புக்கொண்டால் மகளைக் கேஸில் சேர்த்துவிடுவார்கள் என்று பயம்.

"இல்லன்னு சொல்லிக்கினே இருந்தா அவள யாரு சார் தேடுவாங்க?"

'இஸ்டார்ட்' சாட்சியாகாது. இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். நானும்.

நவ. 13, வியாழன்
செய்தி கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு பெண் 'இஸ்ட்ராங்கா' டீ கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். கண்டக்டர் 'இஸ்டாப்' என்றார். அப்போதும் பார்த்தேன். காதில் அந்தச் சிரிப்பு. யார் சொல்லிக் கொடுத்த சிரிப்போ.

நவ. 14, வெள்ளி
வெயில். இருவரும் ஸ்டேஷன் வந்தார்கள். அஞ்சலை, "எம் பொண்ணுதான், எழுதிக்கோங்க" என்றார். கொளஞ்சி எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து எஸ்.ஐ. எதிரில் நின்றார்.

"இன்னொரு வாட்டி போடுங்க சார். கடைசி மட்டும்."

போட்டார்கள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

குரல் ஒப்பிட ஆய்வகம் அவளுடைய இங்கிலீஷ் பேச்சு கேட்கிறது. வீட்டில் இருப்பது உறவினர் வளைகாப்பு வீடியோவில் அவள் தமிழில் பேசிய நாலு வார்த்தை. அதை அனுப்பியாயிற்று. முடிவு எப்போது, சொல்லவில்லை. அவளைத் தேடச் சொல்லி எழுதியதற்குத் தூதரகப் பதில் திங்கட்கிழமை வரலாம் என்றார் எஸ்.ஐ.

கொளஞ்சி கேட்டார்: "எந்தத் திங்கக்கெழமைங்க?"