படகைத் திருப்பும் விதி

குன்றாண்டார்கோவில்
12.8.2024

அன்புள்ள நுஸைபா,

நலமா என்று கேட்டால் அதற்கும் கோபப்படுவாய். நான்கு மாதமாக என் போனை நீ எடுக்கவில்லை. தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

நாம் உருவாக்கிய மீனவர் விளையாட்டை இங்கே ஆடிப் பார்த்தேன். அண்ணன் சேரன், பக்கத்து வீட்டு சத்யா, இன்னும் இரண்டு பேர். ஆளுக்கொரு மீனவராகப் பேசுங்கள், பகடை உருட்டுங்கள், கதையை நீங்களே நடத்துங்கள் என்று விதிப்புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். புத்தகம்தான் பேச வேண்டும் என்பாயே.

நடுக்கடலில் இன்னொரு படகின் இன்ஜின் நின்றுவிடும் இடம் வந்தது. உதவப் போனால் டீசல் போதாது, பிடித்த மீனும் கெட்டுவிடும். மூன்று தடவை ஆடினோம். மூன்று தடவையும் அந்தப் படகை விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட்டார்கள். "மீன் கொண்டாந்தாத்தானே ஜெயிப்புன்னு போட்டிருக்கு" என்கிறான் சேரன்.

அன்றைக்கு உன் வீட்டில் நானும் அதைத்தானே செய்தேன்? ஆட்டத்தில் நீ மைதீன் என்ற மீனவராக, இன்ஜின் நின்ற படகிலிருந்து கூப்பிடக் கூப்பிட, நான் கரைக்கு வந்துவிட்டேன். "நீ யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்று எழுந்து போனாய். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. விட்டு வரக்கூடாது என்ற விதி புத்தகத்தில் எங்கே இருக்கிறது, தேடிப் பார்.

அன்புமொழி

கோட்டைப்பட்டினம்
19.8.2024

அன்புமொழிக்கு,

கிழித்துப் போடத்தான் நினைத்தேன். பிறகு நாற்பது பக்கத்தையும் தேடினேன். காற்றுக்கு விதி இருக்கிறது, வலை அறுந்தால் விதி இருக்கிறது, ஐஸ் உருகுவதற்குக்கூட அட்டவணை போட்டிருக்கிறேன். நீ கேட்ட விதி மட்டும் இல்லை.

என் ஏழு வயதில் அத்தாவின் படகு நின்றுபோய் இரண்டு நாள் மிதந்தது. முகம் தெரியாத ஊர்க்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். நின்ற படகை விட்டு வரக்கூடாதுன்னு எழுதவா என்று இப்போது அத்தாவிடம் கேட்டேன். "அதையெல்லாமா எழுதுவாங்க? சோத்தை வாயில வைன்னு எழுதுவியா?" என்று சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று எழுதாமல் விட்டேன். அது தெரியவில்லை என்று உன்னைத் தண்டித்தேன். மன்னித்துவிடு.

புது முதல் பக்கம் இத்துடன் இருக்கிறது. விட்டு வரலாம், தடுக்கவில்லை; தடுத்தால் ஆட்டமில்லை. ஆனால் விட்டு வந்தவரோடு மறுநாள் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். ஆடிப் பார்.

நுஸைபா

குன்றாண்டார்கோவில்
2.9.2024

அடி நுஸைபா,

உன் கடிதத்தைப் படித்ததும் அப்பாடா என்றிருந்தது. இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

புதுப் பக்கத்தைச் சேரன்தான் வாசித்தான். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றான். படகைத் திருப்பினார்கள், கயிறு கட்டி இழுத்தார்கள். பாதி வழியில் டீசல் தீர்ந்து இரண்டு படகும் சேர்ந்து மிதந்தன. மீன் முழுக்க நாசம், ஆட்டம் தோல்வி. ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சத்யாவைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "கரை தெரியட்டும், வாரேன்" என்றாள்.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்தேன். நின்ற படகில் இருந்தவருக்கு மைதீன் என்று பெயர் வைத்தேன். ஐந்து மாதமாக நடுக்கடலில் கிடந்த மனுஷன், பாவம். கடைசிப் பகடையை நான்தான் உருட்டினேன். கரைக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மீன் வாங்கி வை. போனையும் எடு.

உன்
அன்புமொழி