வயருக்கு வந்த விக்கல்

சங்கரன்கோவில்
17-2-1986, திங்கள்

அன்புள்ள வடிவுக்கு,

ஓடிக்கொண்டிருக்கிற வயருக்கு அடியில் விரல் நுனியை வைத்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, இந்தத் துண்டு அளவு குறையும் என்று அளப்பதற்கு முன்பே ஒருத்தியால் எப்படிச் சொல்ல முடிகிறது? எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிற அம்மா இப்படி எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் கையெழுத்தில் பார்த்துக்கொள்கிறேன், போன கடிதத்தில் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது, தூக்கம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, மூக்குக்கண்ணாடியைத் தேடுவது மட்டும் குறையவில்லை. பூனாவில் இன்னும் குளிர் விட்டிருக்காது, கழுத்தை மூடாமல் பாக்டரி வேலைக்குப் போகாதே.

இனி உன் பரமசிவன் மாமாவின் விஷயம். பன்னிரண்டு விசைத்தறியில் எட்டை விற்று அவன் வயர் வெட்டும் மிஷின் வாங்கியதை முன்பே எழுதியிருந்தேன். வயரைத் தானே இழுத்து, அளந்து, வெட்டி, இரண்டு முனையிலும் மேல்தோலை உரித்துத் தட்டில் போடும், நிமிஷத்துக்கு ஐம்பது துண்டு. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்று முந்நூறு மில்லிமீட்டர் துண்டுகளுக்கு மாதிரி கேட்டிருந்தது. அனுப்பிய மாதிரி அப்படியே திரும்பி வந்துவிட்டது, ஒன்று இருநூற்றுத் தொண்ணூற்றாறு, ஒன்று இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. இன்னொரு முறை ஆளை அனுப்பிப் பார்க்கிறோம், அதிலும் தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஆள் நாளைக்கு வருகிறார். ஆர்டர் போய்விட்டால் திரும்பிப் போக மிச்சமிருக்கிற நாலு தறி மாமாவுக்கும் போதாது, அவனை நம்பித் தறியை விட்டு வயருக்கு வந்த ஆறு பெண்களுக்கும் போதாது. அதனால்தான் நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கேலும் கையுமாக அங்கேயே கிடக்கிறேன்.

குற்றம் மிஷினில் இல்லை, நீ எழுதியது போல அதற்கு வயரை ஊட்டுகிற இடத்தில்தான் இருந்தது. வயர் சுற்றிய டிரம் நாற்பது கிலோ. மிஷின் ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், ஒரு வெட்டு என்று போகிறது, ஒவ்வொரு இழுப்புக்கும் தூங்குகிற டிரம்மை உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது. எழும்புவதற்குள் வயர் வழுக்கி அளவு குறைகிறது. மாமா ஒரு யோசனை சொன்னான். டிரம்மைச் சுற்றவே விட வேண்டாம், முகம் மேலே பார்க்க வைத்து, கோனில் நூல் எடுப்பது போல மேலாக உருவிக்கொள்வோம், தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற இடத்தில் காலங்காலமாக அப்படித்தானே எடுக்கிறோம் என்றான். நானும் யோசித்து, சரி, சுற்றாத டிரம்மை யாரும் எழுப்ப வேண்டியதில்லை என்று தலையாட்டினேன். அளவு கச்சிதமாக வந்தது. மாமா எல்லோருக்கும் சேவும் காப்பியும் வாங்கிக்கொடுத்தான். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தால் ஒரு துண்டாவது நேராக நிற்கவில்லை, எல்லாம் சுருண்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. மேலாக உருவினால் டிரம்மின் ஒவ்வொரு சுற்றுக்கும் வயரில் ஒரு முறுக்கு ஏறும், நூல் அதைப் பொறுத்துக்கொள்ளும், செம்புக்கம்பி பொறுக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பேப்பர் நாடாவை வைத்துக் காட்டிவிடலாம், எனக்குத் தோன்றவில்லை. மொதலாளி, தறிய வித்து முறுக்கு சுடுத மிஷினா வாங்குனீய என்று மைமூனம்மாள் கேட்க, பெண்கள் சிரித்த சிரிப்பில் மாமா வெளியே போய்விட்டான். மைமூனம்மாளை நீ பார்த்ததில்லை. கடையநல்லூர்க்காரி, என் வயதிருக்கும், மாமாவிடம் இருபது வருஷமாகப் பாவு ஓட்டியவள், வாய் சும்மா இருக்காது.

அதற்கப்புறம்தான் நீ சொன்னபடி, மிகக் கனமான டிரம் எது, மிக மெல்லிய வயர் எது, வேகம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதி மதுரை ஏஜெண்டுக்கு அனுப்பினோம். தாவீது என்று ஒரு இளைஞர், பாளையங்கோட்டைக்காரர், இரண்டு சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்று, பிரேக் வைத்த வெறும் ஸ்டாண்டு. இன்னொன்று, தனி மோட்டாரால் டிரம்மைச் சுற்றிக்கொடுக்கிற பீடர். மாமாவுக்கு ஸ்டாண்டின் மேல்தான் கண், ஒரு மோட்டாருக்கே இங்கன கரண்டு மூச்சு வாங்குது, இதுல இன்னொண்ணா வே என்றான். தாவீது சளைக்கவில்லை, அண்ணாச்சி, ரெண்டையும் ஓட்டிப் பாருங்க, நான் பொட்டியத் தூக்கிட்டு ஓடப்போறதில்ல என்றார். ஓட்டிப் பார்த்தோம். சின்ன ரீலுக்கு ஸ்டாண்டே போதும், குறையில்லை. நாற்பது கிலோ டிரம்மை ஏற்றினால், பிரேக்கை இறுக்கினால் வயர் இழுபடுகிறது, தளர்த்தினால் மிஷின் நின்ற பிறகும் டிரம் சுற்றி வயர் தரையில் குவிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் கிடைக்கவே இல்லை.

பீடரை ஓடவிட்டபோது நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன், வடிவு. விளம்பரத் தாளில் போட்டிருப்பதை நான் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். டிரம்முக்கும் மிஷினுக்கும் நடுவே ஒரு நீண்ட கை, கையின் முனையில் கப்பிகள், வயர் அவற்றில் நாலைந்து மடிப்பாக ஏறி இறங்கிப் போகிறது. மிஷின் இழுத்தால் கை மேலே போகிறது, கை மேலே போனால் மோட்டார் கொஞ்சம் வேகம் கூட்டுகிறது, கை இறங்கினால் குறைக்கிறது. முன்னால் மிஷின் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருக்க, பின்னால் அந்தப் பெரிய டிரம் உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருப்பதே தெரியாதது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி அந்தக் கை ஏறி இறங்குகிறது. நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்ட ஜடத்துவத்தை ஒருவன் இரும்பில் இவ்வளவு மரியாதையாகச் சமாளித்திருக்கிறானே என்று இருந்தது. அப்பா சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தார், நான் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

ஆனாலும் முந்நூறு துண்டுக்கு ஒன்று, சில சமயம் முந்நூற்றைம்பதுக்கு ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் குறைந்து வந்தது. தாவீது மிஷினைச் சொன்னார், மாமா கரண்டைச் சொன்னான். மைமூனம்மாள் போய் மிஷினுக்குள் நுழைகிற இடத்தில் வயருக்கு அடியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். வயருக்கு விக்கல் எடுக்குது டீச்சரம்மா, சும்மா சொல்லுதேன்னு நெனைக்காதிய என்றாள். சும்மா சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணால் பார்த்துச் சொல்வாளோ என்று அவளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன். காதால் கேட்டுச் சொல்வாளோ என்று பக்கத்தில் மிச்சமிருக்கிற நாலு தறியையும் ஓட்டச் சொன்னேன், அந்தச் சத்தத்தில் எனக்கு என் குரலே கேட்கவில்லை. விக்கல் வரும்போது இடது கையைத் தூக்கு என்றேன். அரை மணி நேரத்தில் நாலு முறை தூக்கினாள். தூக்கியபோது விழுந்த துண்டுகளைத் தனியே எடுத்து அளந்தேன், நாலும் குறைச்சல். நடுவில் விழுந்ததில் கைபோன போக்கில் அறுபதை எடுத்து அளந்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. என்ன டீச்சரம்மா, பாஸா பெயிலா என்றாள். நான் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விக்கல் எங்கிருந்து வருகிறது என்று அதற்கப்புறம் தேடினோம். டிரம்மில் வயர் ஒரு வரிசை முடிந்து விளிம்பில் திரும்புகிற இடத்தில் ஒரு சுற்று இடுக்கில் மாட்டி விடுபடுகிறது, அந்த வெடுக்குத்தான். அந்தக் கை அதை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். கையில் மாட்டிய எடை தடித்த வயருக்கு வைத்தபடியே இருந்ததால் மெல்லிய வயருக்குக் கை அசையவில்லை. தாவீது எடையை இரண்டு துளை உள்ளே தள்ளி மாட்டினார். இப்போது விளிம்பில் வெடுக்கென்றால் கை ஒரு விரற்கடை ஏறி இறங்குகிறது, மிஷினுக்குச் சேதியே போவதில்லை. மைமூனம்மாள் மறுபடியும் விரல் வைத்துப் பார்த்து, தண்ணி குடிச்ச மாதிரி நின்னுபோச்சு என்றாள். இன்று காலை மாமா ஸ்டாண்டைத் திருப்பி அனுப்பிவிட்டான், பீடர் நம்மோடு.

நாளைக்கு என்ன ஆகுமோ, நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை, ஆனாலும் கட்டி வைத்த கட்டை இரண்டு முறை பிரித்து அளந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நீ தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மிஷின் பக்கம் போக வேண்டும், முந்தானை பறக்கக் கூடாது, இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குத் திருப்தி வருவதில்லை. பங்குனியில் லீவு உண்டா என்று தெரிவி. கையும் காலும் சுகமாக, செய்கிற வேலையில் பேர் சொல்லும்படி நீ இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் அம்மா,
ஆவுடையம்மாள்

செவ்வாய் மாலை. கவரை ஒட்டவில்லை, நடந்ததை எழுதிவிடுகிறேன். கோயம்புத்தூர்க்காரர் பதினொரு மணிக்கு வந்தார், பத்து மணிக்கே போன கரண்டு இரண்டுக்குத்தான் வந்தது. நாங்கள் அளந்து கட்டி வைத்திருந்த கட்டை அவர் தொடவில்லை, என் கண் முன்னால் ஐந்நூறு ஓட்டுங்கள் என்றார். பதற்றத்தில் மாமா பாதி தீர்ந்த டிரம்மையே ஏற்றிவிட்டான், எங்கள் கண்ணெல்லாம் தட்டில் இருந்ததால் டிரம்மை ஒருவரும் பார்க்கவில்லை. நானூறு தாண்டியதும் டிக் என்று ஒரு சத்தம், மிஷின் நின்றுவிட்டது. மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. டிரம்மில் வயர் தீர்ந்து, டிரம்மோடு மாட்டியிருந்த கடைசி முனை இழுபட, கை உச்சிக்குப் போய் அங்கே இருந்த ஸ்விட்சைத் தொட்டு மிஷினை நிறுத்தியிருந்தது. தாவீது மதுரைக்குப் போய்விட்டதால் நான்தான் அதை எடுத்துச் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர் குனிந்து தட்டில் கடைசியாக விழுந்த துண்டை எடுத்து அளந்தார், அதற்கு முந்தினதை, அதற்கும் முந்தினதை. எல்லாம் முந்நூறு. அளவு எல்லாருமே காட்டுவாங்கங்க, வயர் தீர்ற எடத்துல ஒரு குட்டைத் துண்டாவது தட்டுல கெடக்கும், இங்க அது இல்லீங்களே என்று தாளில் கையெழுத்துப் போட்டார். மாதம் பிறந்ததும் முதல் சரக்கு அனுப்ப வேண்டும். மாமா பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினான், வெகுநேரம் கழுவினான். நாங்கள் எல்லோரும் பீடரின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மைமூனம்மாள்தான், நின்னா எப்படி, இன்னும் நூறு பாக்கி இருக்குல்லா என்று பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அடுத்த டிரம்மை உருட்டி வந்தாள்.