மஞ்சள் சட்டைக் குழந்தையைக் காணவில்லை

அக்கா,

இந்த ஆண்டுப் பொருட்காட்சியில் ராட்டினங்கள் சுற்றுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. சனிக்கிழமை மாலை திறப்பு. இன்று காலை மைதானத்தில் ஏற்பாட்டாளரே அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். உறுதியான செய்தி என்பதால் அதை முதலில் எழுதுகிறேன்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அப்பளக் கடைக்காரர் புது வாணலியைப் பழக்குவதற்காக எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த வாசனையும் மிளகாய்த்தூள் நெடியும் முகத்தில் அடித்ததும் என்னை அறியாமல் நுழைவாயிலின் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். உங்கள் தகர அறை எப்போதும் அங்கேதான் இருக்கும். பகலெல்லாம் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை, பொருட்காட்சி நடக்கும் நாட்களில் மாலையானால் அந்த அறையில் மைக். அப்பளத்தை உடைத்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அறிவிப்பு சொல்வீர்கள். நீங்கள் மறைந்த பிறகு நடக்கும் முதல் பொருட்காட்சி இது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். பேசும்போதெல்லாம் நீங்கள் சிரித்ததும், சிரிப்பு பாதியில் நின்றதும் நினைவிருக்கிறது. கம்பெனிகளுக்கு விடுமுறை என்பதால் ஊரே மைதானத்தில் இருந்தது. லேசான தூறல் வேறு. பீகாரிலிருந்து வந்து பெருமாநல்லூரில் தையல் வேலை பார்த்த ஒரு பெண், மகனைக் காணோம் என்று உங்கள் அறைக்கு ஓடி வந்தாள். தமிழ் பத்து வார்த்தைகூடத் தெரியாது. நீங்கள் வழக்கப்படி என்ன சட்டை என்று கேட்டீர்கள். மஞ்சள் என்றாள். நெஞ்சில் கை வைத்து, கரடி மாதிரி முகத்தை உப்பிக் காட்டினாள்.

"மஞ்சக் கலர் டி-சர்ட், நெஞ்சுல கரடிப் படம், மூணு வயசுப் பையன். பாக்கறவங்க மைக் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க சாமி" என்று அறிவித்தீர்கள்.

நம் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு அது. ஏதோ ஒரு கம்பெனியில் ஏற்றுமதிக்குத் தைத்து, வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிய சரக்கு அந்த வாரம் நடைபாதைக் கடைகளில் குவிந்து கிடந்தது. ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு அந்த மஞ்சள் கரடிதான் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. பஜ்ஜிக் கடைக்காரர் ஒரு பையனைத் தூக்கிவந்தார். அவனை இறக்குவதற்குள் ஒரு பாட்டி இன்னொருவனைக் கொண்டுவந்தார். மூன்றாவதாக வந்தது பெண் குழந்தை. பஞ்சு மிட்டாயை விடாமல் தின்றபடியே வந்தது. அதன் பின்னால் அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏனுங்க, எம்புள்ள என்ற கையப் புடிச்சுட்டு நிக்குது. புடுங்கிட்டு வந்துட்டாங்க! நாங்க இதத் தொலைக்கவே இல்லீங்களே!"

"கோவிச்சுக்காதீங்க. சட்டைய மாத்திப் போட்டுட்டு வாங்க, இல்லீனா இன்னொருக்காத் தூக்கிட்டு வந்துருவாங்க" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

அந்தத் தாய் சிரிக்கவில்லை. வாசலில் மஞ்சள் தெரியும்போதெல்லாம் எழுந்தாள். முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்தாள். அடுத்த முறை எழுந்தபோது பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் நீங்கள் மைக்கை அணைத்தீர்கள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கம்பெனியில் பழகிய அரைகுறை இந்தியில், பையன் எதைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவான் என்று கேட்டீர்கள். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வலது காலைத் தரையில் வைத்து மிதித்துக் காட்டினாள். தையல் மெஷின்.

துணியில் பேர் தைத்துத் தரும் கடை ஒன்று கடைசி வரிசையில் இருந்தது. நாம் மூவரும் ஓடினோம். மெஷின் மேசைக்கு அடியில், மோட்டார் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து, ஒரு துண்டைக் கழுத்துவரை போர்த்தியபடி அவன் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா பக்கத்துக் கடைல ஏதாச்சும் வாங்கிட்டு இருப்பாங்கன்னு இருந்தனுங்க" என்றார் கடைக்காரப் பெண். "தூறல்ல நனைஞ்சு வந்தானுங்க, துண்டப் போத்தி உட்டேன், சட்டையக் கவனிக்கலீங்க. நீங்க தேடுனது மஞ்சச் சட்டையத் தானுங்களே?"

துண்டை விலக்கினால் உள்ளே கரடி. அந்தத் தாய் மகனை அடிக்கக் கையை ஓங்கி, ஓங்கிய கையாலேயே அணைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சட்டை நிறத்தை நீங்கள் கடைசியில்தான் கேட்டீர்கள். பெற்றவர்களுக்கு எரிச்சல் வரும். "கொழந்தயக் காணோங்கறேன், என்ன புடிக்கும்னு வெளாட்டுக் கேள்வி கேக்கறீங்களே!" என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "அதச் சொல்லுங்க கண்ணு, அங்கதான் நிப்பான்" என்றீர்கள். மீன் என்றார். பையன் மீன் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தான். குண்டடத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் வீட்டுக்காரரைக் காணோம் என்றபோதும் அதே கேள்விதான். "ஆராச்சும் எதாச்சும் வித்தா வாயப் பொளந்துட்டு நிப்பாருங்க" என்று பதில் வந்தது. வெங்காயம் வெட்டும் கருவி விற்பவரின் முன்வரிசையில் அவரைப் பிடித்தோம்.

அக்கா, காணாமல் போனவர்களைப் பற்றி நான் நிறையச் செய்தி எழுதியிருக்கிறேன். வயது, உயரம், கடைசியாக அணிந்திருந்த உடை. காவல் நிலையத்தில் தருவது அவ்வளவுதான். இப்போதும் அதை எழுதுகிறேன். ஆனால் எழுதுவதற்கு முன் வீட்டாரிடம் உங்கள் கேள்வியையும் கேட்கிறேன். சிலர் உடனே சொல்கிறார்கள். சிலர் வெகுநேரம் யோசித்து, தெரியவில்லை என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களின் முகத்தைப் பார்ப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இன்று காலை ஏற்பாட்டாளர் காட்டிய வரைபடத்தில் மைக் அறை இல்லை. கேட்டேன்.

"கொழந்தைங்க கையில பட்டை கட்டி உட்டர்றோங்க. அதுல போன் நம்பர் இருக்கும். மைக் ரூம் எதுக்குங்கண்ணா?"

"ராட்டினச் சத்தத்துல பையில கெடக்கற போனு கேக்குமுங்களா?"

அவர் பின்கழுத்தைத் தடவிக்கொண்டு ராட்டினத்தைப் பார்த்தார். பிறகு என்னிடமே கேட்டார்: "சரீங்க, ரூம் போட்டா ஆரு பேசறது? அந்தக்கா மாதிரி ஆளு வேணுமில்லீங்க?"

எனக்குத் தெரிந்த இருவரின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். இருவருக்கும் இந்தி வரும். முதல் கேள்வி என்ன என்பதையும் சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார், வாக்குக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அதிகாரிகள் இடம் பார்க்க வரும்போது முடிவு சொல்வதாகச் சொன்னார். நான் போவேன்.

இதை எழுதும்வரை அறைக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகளுக்கு விடுமுறை; குழந்தைகள் வந்துவிடுவார்கள்.