அப்பாகிட்ட கேளு

மார்ச் 3, திங்கள்

இன்றைக்குப் பால் பவுடர். டப்பா முழுவதும். சோபாவுக்கு அடியிலிருந்து சமையலறை வாசல் வரைக்கும் ஒரே வெள்ளை. நடுவில் என் மகன் புல்டோசர் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளித் தலையில் போட்டுக்கொள்கிறான். இரண்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை. பக்கத்தில் அவன் அக்கா மேனேஜர், பள்ளியில் சேர்க்கவே இன்னும் நாள் இருக்கிறது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்" என்கிறாள். இந்த வீட்டில் எது நடந்தாலும் அவள் அப்பவே சொல்லியிருப்பாள்.

நான் ஈரத்துணியோடு மண்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளறைக் கதவு திறந்தது. அவர் வந்தார். கழுத்தில் ஹெட்போன். "கொஞ்சம் சத்தம் கம்மியா இருந்தா நல்லாருக்கும். மீட்டிங்ல எல்லாருக்கும் கேக்குது." சொல்லிவிட்டு, பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பால் பவுடரைத் தாண்டிப் போனார். பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டார். மறுபடி தாண்டி உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

தாண்டினாரே தவிரக் குனியவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற புருஷன், உனக்கென்னடி குறை என்று என் தங்கை வயிறெரிகிறாள். வந்து ஒரு வாரம் வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 4

முதலாளியம்மா போன் செய்தாள். மேனேஜர் பிறப்பதற்கு முன்னால் அவளுடைய டிரைவிங் ஸ்கூலில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, பொம்பளைங்கள்லாம் வந்து லேடி டீச்சர் இருக்காங்களான்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறாங்க. ஏப்ரல் ஒண்ணாம் தேதி வர்றியா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு, நான் வேற ஆளைப் போட்டுக்கறேன்."

மத்தியானம் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். காலையில் மட்டும்தான், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன், நீங்கள் மீட்டிங்கை எல்லாம் மதியத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும் என்றேன். கெஞ்சாத குறை.

அவர் சிரித்தார். "தாராளமா போ. நான் வேணாம்னா சொன்னேன்? ஆனா பசங்க என்கிட்ட இருக்கமாட்டாங்களே. உன் காலையே சுத்திக்கிட்டு நிக்கறாங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும் சொல்லு."

அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

மார்ச் 5

இருக்கமாட்டாங்களாம். இருக்க வைக்கிறேன்.

மார்ச் 6

ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறவர்களை எல்லாம் நடு ரோட்டில் ஓட்ட வைத்திருக்கிறேன். இரண்டு வாண்டுகளை ஒரு மனுஷன் பக்கம் திருப்புவதா பெரிய காரியம்?

ஒரே ஒரு பாடம்தான். எது கேட்டாலும், "அப்பாகிட்ட கேளு." தண்ணீர் வேணுமா, அப்பாகிட்ட கேளு. செருப்பு மாட்டணுமா, அப்பாகிட்ட கேளு. பல் தேய்க்க, சட்டை கழற்ற, கக்கா கழுவ, எல்லாம் அப்பா. கதவு சாத்தியிருந்தால்? தட்டு. திறக்கவில்லையென்றால்? மறுபடி தட்டு.

மேனேஜருக்குச் சட்டம் என்றால் உயிர். "இனிமே ரூல் இதுவாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உடனே தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். அவனுக்குத் தட்டத் தெரியவில்லை. தலையால் முட்டுகிறான். அதுவும் நல்லதுதான், சத்தம் ஜாஸ்தி.

மார்ச் 10

இந்த நாளை எழுதி வைக்காமல் தூங்கமாட்டேன்.

அவருடைய மேலதிகாரி, அவருக்கும் மேலே ஒருவர், எல்லாரும் இருக்கிற மீட்டிங். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு புல்டோசர் உள்ளே போயிருக்கிறான். ஜட்டி இல்லாமல். "அப்பா கக்கா போயித்தேன்." கேமராவுக்கு நேராகத் திரும்பி நின்று காட்டியும் இருக்கிறான்.

நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் அவனைக் கையை நீட்டித் தூக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, குளியலறைக்கு ஓடினார். வெளியே வந்ததும் கேட்டார்.

"நீதானே அனுப்பின?"

"நானா? பிள்ளைங்க அப்பாவைத் தேடுறது தப்பா?"

"இத்தனை நாளாத் தேடலையே."

"இப்ப தேடறாங்க. சந்தோஷப்படுங்க."

காபியைச் சூடாகக் குடித்தேன். கடைசியாக எப்போது சூடாகக் குடித்தேன் என்று ஞாபகமே இல்லை.

மார்ச் 12

அவர் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். சரி, என்றேன் மனசுக்குள். இரண்டு பேரையும் கதவுக்கு வெளியே பாய் போட்டு உட்கார வைத்துவிட்டேன், பொம்மைக் கூடையோடு. தட்டுகிறார்கள், கூப்பிடுகிறார்கள், அழுகிறார்கள், கொஞ்ச நேரம் விளையாடுகிறார்கள், திரும்பவும் தட்டுகிறார்கள். நான் துணி மடித்தேன். ஒவ்வொரு தட்டும் காதுக்கு இனிமையாக இருந்தது.

மத்தியானம் அவர் தாழைத் திறந்துவிட்டார்.

மார்ச் 14

தட்டுவதோடு விடுவதாக இல்லை. கதையையும் நிறுத்திவிட்டேன். மத்தியானம் படுக்கையில் மேனேஜர் கதை கேட்டபோது, "அம்மாகிட்ட கதை தீர்ந்துபோச்சு. அப்பாகிட்டதான் நிறைய இருக்கு" என்றேன். என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் தலையணையை எடுத்துக்கொண்டு போனாள்.

புல்டோசர் என் கையில் தலை வைத்துத்தான் தூங்குவான். முழங்கை அவனுக்குக் குத்துகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டேன். நெளிந்தான், சிணுங்கினான், எழுந்து தள்ளாடிக்கொண்டே உள்ளறைக்குப் போனான். அவர் மடியில் தூங்கினானாம்.

கொஞ்சம் உறுத்தியது. பால் பவுடரை அவர் தாண்டியதை நினைத்துக்கொண்டேன். உறுத்தல் போய்விட்டது.

மார்ச் 17

காலை மீட்டிங்குகளை எல்லாம் மதியத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மேலதிகாரி சரி என்றுவிட்டாராம். நான் கேட்டபோது முடியாதது, ஒரு கக்காவுக்கு முடிந்துவிட்டது.

ஆனால் பிள்ளை வளர்க்க அவருக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. இன்று புல்டோசரின் இரண்டு காலையும் டவுசரின் ஒரே ஓட்டையில் விட்டு மேலே இழுத்தார். அவன் கடல்கன்னி மாதிரி குதித்துக் குதித்துப் போய்ச் சுவரில் மோதினான். ஷாம்பூவைக் கண்ணில் விட்டார். ஆறாத கஞ்சியை ஊட்டப் போனார். பயிற்சிக் காரில் என் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும், ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் நான் மிதிப்பேன். இன்று பூரா என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. படட்டும்.

மார்ச் 19

இன்று அவர் பிள்ளைகளுக்குச் சொன்னது ஒரு பார்சல் லாரிக்கு விக்கல் வந்த கதை. விக்கும்போதெல்லாம் ஒரு பெட்டி கீழே விழுந்துவிடுமாம், தப்பான வீட்டில் தப்பான பெட்டி. தாடிக்காரருக்குப் பாவாடை, போலீஸ்காரருக்குப் பால் புட்டி. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டிருக்கும். புல்டோசருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனாலும் விக்கல் என்கிற இடத்தில் எல்லாம் உருண்டான்.

நான் சமையலறையில் நின்று கேட்டேன். கதை ஒன்றும் பிரமாதமில்லை. லாரிக்கு எப்படி விக்கல் வரும்.

மார்ச் 20

நான் ஒன்றுமே சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமென்று என்னைத் தாண்டி அப்பாவிடம் போனாள் மேனேஜர். கையில் தண்ணீர் ஜாடியோடு நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

மார்ச் 22

முதலாளியம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு அவரிடம் போய், "ஒண்ணாம் தேதியிலேருந்து வேலைக்குப் போறேன். பசங்கதான் உங்ககிட்ட இருக்காங்களே" என்றேன். இந்த வாக்கியத்தைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். பதிலுக்குப் பதில் எல்லாம் தயார். அவர் புல்டோசரின் நகத்தை வெட்டிக்கொண்டே, நிமிராமல், "சரி" என்றார். அவ்வளவுதான். அவன் கையை அவரிடம் கொடுத்துவிட்டுச் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நான் நகம் வெட்டினால் ஊரைக் கூட்டுவான்.

இவ்வளவு பாடுபட்டு ஜெயித்து, ஒரு வாக்குவாதம்கூட இல்லை. ஏமாற்றமாக இருக்கிறது.

மார்ச் 25

புல்டோசர் சோபாக் கைப்பிடியிலிருந்து குதித்தான். டீப்பாய் விளிம்பில் தாடை. நான் பக்கத்தில்தான் இருந்தேன், கை நீட்டுவதற்குள் விழுந்துவிட்டான். ரத்தம். வாரி எடுத்தேன். எடுத்தேனா — வில்லாக வளைந்து, என் முகத்தில் கையை வைத்துத் தள்ளினான். அப்பா, அப்பா. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே அப்பா.

அவர் உள்ளறையிலிருந்து ஓடி வந்து வாங்கிக்கொண்டார்.

கிளினிக்கில் நர்ஸ், "அம்மா மட்டும் பிடிச்சுக்கோங்க, தையல் போடணும்" என்றாள். நான் உட்கார்ந்து மடியை விரித்தேன். அவன் அவருடைய சட்டையை விடவே இல்லை. நர்ஸ் பார்த்தாள். "சரி, அப்பாவே பிடிச்சுக்கட்டும். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா, உங்களைப் பாத்தா இன்னும் அழறான்."

என்னைப் பாத்தா அழறானாம். பெத்தவ நான். பத்து மாசம் சுமந்து, தூக்கம் கெட்டு, என் காரை விட்டு, என் கஸ்டமரை விட்டு — யாருக்காகடா விட்டேன்? வெளியே அவனுடைய ஒற்றைச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கொஞ்ச நேரம் கத்தினான். அப்புறம் அவர் குரல் மட்டும் கேட்டது, லாரி, விக்கல். அழுகை நின்றுவிட்டது.

மார்ச் 26

அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டினால் என்ன? நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்துக்கொள்வேன். பெரிய உத்தமர்.

மார்ச் 27

இன்று ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்த்தேன். புல்டோசரைக் குளிப்பாட்ட நானே கூப்பிட்டேன். தையல் நனையாமல் ஊற்ற வேண்டுமே. சாக்லேட்டும் காட்டினேன். வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

மேனேஜர் குறுக்கே வந்து நின்றாள். "குளிக்கறது அப்பா. நீதானே ரூல் போட்ட."

"அம்மா இப்ப ரூலை மாத்தறேன்."

யோசித்தாள். கொஞ்ச நேரம் நன்றாகவே யோசித்தாள். "இரு, அப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்."

சாக்லேட்டை நானே தின்றேன்.

மார்ச் 30

துணி காயப்போடும்போது அவரே வந்து நின்றார். கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் இரண்டும் அவர் காலடியில் வாளியைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தன.

"எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான்னு எனக்கு அப்பவே தெரியும். இவ ரெண்டாவது நாளே சொல்லிட்டா, அம்மா புது ரூல் போட்டிருக்கான்னு."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"மொதல்ல ரொம்பக் கோவம். உன்னைத் தோக்கடிக்கணும்னுதான் தாழ் போட்டேன். நீ எத்தனை நாள் தாக்குப் பிடிப்பேன்னு பாத்துடலாம்னு." கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் ஒருநாள் இவன் வந்து மடியில தூங்கிட்டான். என் கை மரத்துப்போச்சு. எடுக்க மனசு வரல."

என்றைக்கு என்று எனக்குத் தெரியும். முழங்கையைத் திருப்பி வைத்தவள் நான்தானே.

"நீ நிம்மதியா வேலைக்குப் போ. இவங்களைப் பத்திக் கவலைப்படாத." நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் கையிலிருந்து கிளிப் கூடையைப் பிடுங்கிக்கொண்டேன். மிச்சத் துணியை நானே போட்டேன், தலையணை உறைகளை உதறின உதறலில் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் தெறித்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

புல்டோசர் வாசலில் காலைக் கட்டிக்கொண்டு அழுவான், எப்படிப் பிரித்துவிட்டு ஓடுவது என்று நேற்றே யோசித்து, சாவியையும் பையையும் செருப்பு ஸ்டாண்டிலேயே வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அம்மாவுக்கு டாட்டா சொல்லுடா" என்றார் அவர். என்னைப் பார்க்காமலே ஸ்பூனை ஆட்டினான். மேனேஜர் கதவு வரைக்கும் வந்து, "சீட் பெல்ட் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

முதலாளியம்மா என் பழைய வண்டியையே கழுவி வைத்திருந்தாள். சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, என் பக்கத்துப் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. இந்த இடத்துக்காகத்தான் இத்தனை அக்கிரமமும் செய்தேன். திரும்பவும் செய்யச் சொன்னால் செய்வேன். அந்த முழங்கையைத் தவிர.

முதல் ஆள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். கிளட்சை விட்டதும் வண்டி துள்ளி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. வண்டிக்காக இல்லையாம்.

"எம் பொண்ணு என்னை விட்டு இருக்கவே மாட்டா மேடம். பாத்ரூம் போனாக்கூடக் கதவைத் தட்டுவா. இப்ப எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன், தெருமுனை வரைக்கும் அழுகைச் சத்தம் கேட்டுச்சு. உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா?"

இரண்டு என்றேன்.

"அவங்க அழலையா?"

"பொண்ணு சமாளிச்சுக்குவா. பையன்தான். காலைக் கட்டிக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டான். ரோடு வரைக்கும் கத்தினான். பிச்சு எடுத்துக் கொடுத்துட்டு வர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு."

"ஐயோ பாவம் மேடம். இன்னும் அழுதுக்கிட்டிருப்பானோ என்னவோ."

"இருப்பான்," என்றேன். "மத்தியானம் போய்த் தூக்கினா சரியாயிடுவான். நீங்க கண்ணாடியைப் பாத்துட்டு மெதுவா எடுங்க."