முடித்துவிட்டே வா என்றேன்

அம்மா,

இன்று மதியம் வாடகைக் கூடாரங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மூட்டையை அவிழ்த்தேன். போன தடவை எடுத்தவர்கள் நனைந்ததைச் சரியாக உலர்த்தாமலே சுருட்டியிருக்கிறார்கள். ஈரத்துணியும் கரிப்புகையும் கலந்த வாடை ஆசிரியர் அறை முழுக்கப் பரவியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைத் திறந்தார்கள். நான் மூட்டையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். குவைத்திலிருந்து நீ வந்து இறங்கும்போது உன் பெட்டிக்குள்ளிருந்து வரும் வாடை அது.

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து முப்பது பிள்ளைகளைத் தலகோனா காட்டுக்கு மூன்று நாள் கூட்டிப்போகிறோம். தங்க இடம் பதிவு செய்வது, சாமான் கட்டுவது, சமையலுக்கு ஆள் பார்ப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. வனத்துறையிலிருந்து இடம் உறுதி என்று செய்தி வந்த அன்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அது வரவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். நீ சமையல் வேலை செய்த வீட்டார் குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். கார்த்திகையில் போனால் பங்குனிவரை அங்கேதான். அதற்கு முன்கூட்டியே இடம் பதிய வேண்டும். பதிந்ததும் நைனா வேலை செய்யும் விசைத்தறிக் கூடத்துக்குப் போன் செய்வாய். "எடம் கெடச்சிடுச்சி பாப்பா" என்று என்னிடம் சொல்வாய். அந்த வருடப் பொங்கலும் நீ இல்லாமல்தான் என்று நகரியில் நானும் நைனாவும் அப்போது தெரிந்துகொள்வோம். நைனா போனை வாங்கி, தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு "சரி, சரி" என்று மட்டும் சொல்வார்.

நீ குவைத்துக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. தெலுங்குப் பள்ளியில் ஐந்தாவது படித்தவள் நீ. நம் வீட்டுத் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதித்தான் கடிதம் போடுவாய். தமிழ் எழுத்தை நான் பிறகு நானாகவே கற்றுக்கொண்டேன். இந்த மடலைக்கூட, நீ இருந்திருந்தால், நான்தான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

கூடாரத்துக்குக் கிளம்பும் நாட்களில் நீ எழுதும் கடிதங்களில் சாமான் கட்டுவதைத் தவிர வேறொன்றும் இருக்காது. கம்பளம் எத்தனை, கரி எத்தனை மூட்டை, காப்பிக் கூஜாவை எந்தத் துணியில் சுற்றினாய் என்று எல்லாம் எழுதுவாய். போய் இறங்கினதும் முதலில் எதைக் கேட்பார்களோ அதைக் கடைசியில் கட்ட வேண்டும் என்று ஒரு தடவை எழுதியிருந்தாய். அந்த வீட்டுப் பெரிய பெண்ணுக்கு என் வயது. காற்றுச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் வராது, அவளுடைய பழைய தலையணை ஏறாமல் வண்டி கிளம்பாது என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை மட்டும் நான் மறுபடி படிக்கவில்லை.

நான் பத்தாவது படித்த வருடம் லீவில் வந்தாய். ரசம் ஊற்றிய தட்டை என் முன்னால் வைத்து, "நல்லா துன்னு" என்றாய்.

"நா ரசம் துன்னமாட்டேன்னுகூட உனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு தலகாணி மட்டும் தெரியும்" என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு போய், வேறு சோற்றில் மோர் ஊற்றிக் கொண்டுவந்தாய். எனக்கு மோரும் பிடிக்காது. சொல்லாமல் சாப்பிட்டேன்.

கல்லூரியில் கடைசி வருடம், ஐப்பசியில், நீ தறிக்கூடத்துக்குப் போன் செய்தாய்; நைனா தறியை விட்டு வர முடியாமல் நான்தான் எடுத்தேன். இடம் கிடைத்துவிட்டது என்றாய். நான் போனை வைக்கப்போகும்போது கேட்டாய்.

"கேம்ப் முடிச்சிகினு வரட்டா, இல்ல இப்பவே வந்துடட்டா பாப்பா?"

அத்தனை வருடத்தில் நீ அப்படிக் கேட்டதே இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் சேர்த்துவைத்திருந்த கோபம் முந்திக்கொண்டது.

"எல்லா வருசமும் முடிச்சிகினுதான வர. இதையும் முடிச்சிட்டே வா. நீ வந்துட்டா அவங்களுக்கு யாரு மூட்ட கட்றது?"

நீ சிரித்தாய். "அதுவும் சரிதான்" என்றாய்.

நான் குத்திக்காட்டியது உனக்குப் புரிந்ததா, அல்லது மகளே சொல்லிவிட்டாள் என்று நிம்மதியாகத் தங்கிவிட்டாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எது என்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

பங்குனியில் வந்தாய். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மார்பில் கட்டி இருப்பது ஆடி மாதமே தெரியும் என்று நீ டாக்டரிடம் சொன்னபோதுதான் நானும் நைனாவும் கேள்விப்பட்டோம். அப்போதே ஏன் ஊருக்கு வரவில்லை என்று டாக்டர் கேட்டார். "வேல இருந்துச்சி சார்" என்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசிவரை நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நைனாவுக்கு அந்தப் போன் பேச்சு இன்றும் தெரியாது.

ஆவணியில் போய்விட்டாய். அந்தக் கார்த்திகையில் குவைத்திலிருந்து போன் வந்தது. அந்தப் பெரிய பெண்தான். கூஜாக்களை எந்தப் பெட்டியில் வைத்தாய் என்று உன்னிடம் கேட்க வேண்டுமாம். நான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் அவள் அழுகிற சத்தம்தான் வந்தது. அவளைப் பற்றி வருடக்கணக்காக நினைத்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது கேம்ப் சமையலுக்குப் பாகாலாவிலிருந்து கோவிந்தம்மா அக்காவைப் பேசியிருந்தேன். கல்யாணப் பந்திக்கெல்லாம் சமைப்பவர், கையும் வாயும் ஓயாது. நேற்று சாமான் பட்டியல் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில், "கேம்ப் முடிஞ்சதும் ஒருக்கா வேலூருக்குப் போய்க்கினு வரணும் மேடம்" என்றார். எதற்கு என்றேன். "சும்மாதான், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு மிளகாய்த்தூள் எவ்வளவு வேண்டும் என்பதற்குப் போய்விட்டார்.

நம் பக்கத்தில் யாரும் சும்மா வேலூருக்குப் போவதில்லை.

நாளைக்கே போங்கள், கேம்புக்கு வர வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நா இன்னா தப்பு பண்ணேன் மேடம்?" என்றார். வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வருடமும் நீங்கள்தான் என்று பலமுறை சொன்ன பிறகுதான் நம்பினார். முப்பது பிள்ளைகளுக்கு யார் ஆக்குவது என்று கேட்டார். நான்தான் என்றேன். கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். "பாவம் புள்ளைங்க" என்றார்.

இன்று காலை பாகாலாவில் அவரைக் காட்பாடி ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். என்ன இருக்கிறது என்று டாக்டர் சொல்லும்வரை எனக்கும் தெரியாது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

கோவிந்தம்மா அக்காவிடம் சொன்னது உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது. எத்தனை பேரிடம் சொன்னாலும் அது உன்னிடம் வந்து சேராது, தெரியும். இருந்தாலும் அந்தப் பதிலைச் சுமந்துகொண்டேதான் இருக்கிறேன், அம்மா. நீண்ட பேச்சு இல்லை. அன்றைக்குத் தறிச் சத்தத்திலும் கேட்டிருக்கும், மூன்றே வார்த்தை.

போட்டது போட்டபடி வந்துடும்மா.