வாடைக்குப் பழஞ்சோறு

மகள், எத்தின தரம் அடிச்சாலும் நீ போனை எடுக்கிறாய் இல்ல எண்டுதான் இத எழுதி, செட்டிபாளையத்தில இருந்து வாற மீன்காரரிட்டக் குடுத்து விடுறன். மண்டூர் முருகன்ட திருநீறும் மடிச்சு வைச்சிரிக்கன், புள்ளைக்கும் பூசு.

உன்ட மாமியார் சொல்லிச் சொல்லி அழுறா. உன்ட புருசன்ட தோணி மட்டும் கரை ஒதுங்கின நாளில இருந்து நீ வேற சோறு தொடுறாயில்லையாம். அவனுக்கு ஊறப்போட்ட மாதிரியே பழஞ்சோறு ஊறப்போட்டு, தயிரும் விட்டு, அதத்தான் தின்னுறியாம். அது வெயில் காலத்துச் சாப்பாடு மகள். இப்ப வாடைக்காத்து விழுந்திட்டு. இருமல் உனக்கு நெஞ்சுக்குள்ள இறங்கிட்டாம். நீ பால் குடுக்கிற தாயெல்லோ.

நான் ஆயுர்வேத வைத்தியரிட்டப் போய்க் கேட்டன். அவர் உன்ன ஏசல்ல.

"பருவம் மாறக்குள்ள பழசை ஒரே நாளில விடச் சொல்லாதீங்க, உடம்பு தாங்காது. கால் பங்கு விட்டு, கால் பங்கு புதிசு எடுக்கட்டும்" எண்டார்.

அதனால பழஞ்சோத்த நிப்பாட்டு எண்டு நான் சொல்லல்ல. ஒரு நேரம் மட்டும் சுடுசோறும் மிளகு ரசமும் தின். மற்ற நேரம் உன்ட விருப்பம். அவனை மறக்கச் சொல்ல எனக்கும் வாய் வராது.

இப்படிக்கு,
உன்ட பெரியம்மா

ஐயோ, மறந்தே போனன். நான் வெளிக்கிடக்குள்ள வைத்தியர் வாசல் படலை வரைக்கும் வந்து சொன்னவர்: ஆவணியில அவன் வந்து, "மாரி துவங்கினா அவள்ர கால் உளையும்" எண்டு உனக்கு எண்ணெய் காய்ச்சச் சொல்லிட்டுப் போனவனாம். வடிச்சு வைச்சிரிக்காராம்.